விலா எலும்புகளுக்குள் சூரியன்

டாக்டர் என் எக்ஸ்ரேயை மாட்டிப் பின்னால் விளக்கைப் போட்டார். விலா எலும்புகளுக்கு நடுவே வெளிச்சம் பரவியதும் அடையாறு ஆஸ்பத்திரி மறைந்து, எழுபதுகளின் மேற்கு மாம்பலம் வந்துவிட்டது.

அன்று சூரிய கிரகணம். அப்போதெல்லாம் பழைய எக்ஸ்ரே படத்தின் வழியாகத்தான் சூரியனைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் இருந்தது அம்மாவின் மார்பு எக்ஸ்ரே. காசநோயோடு அவள் கீழ் அறையில் படுத்திருந்தாள்.

"ஆத்மாவாவது ஒண்ணாவது! ஒடம்பு நின்னா எல்லாம் நின்னுடும்" என்று எல்லோரிடமும் வாதாடுகிறவர் அப்பா. அவர்தான் மொட்டைமாடியில் படத்தை வானத்துக்கு நேரே பிடித்தார். அம்மாவின் இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே சூரியன் செம்பொன்னாக நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேயத் தொடங்கியது.

"அம்மா தேயறாங்கப்பா!" என்று அலறினேன்.

கிரகணம் விடும்வரை அப்பா படத்தை இறக்கவில்லை. சூரியன் மறுபடி முழுசானதும் படியிறங்கி ஓடி, அம்மாவின் நெஞ்சில் கைவைத்தார்.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?" என்றாள் அம்மா.

"கீது" என்றார் அப்பா. "உள்ளாற கீது."

அடையாறில் டாக்டர் பேசி முடித்து, விளக்கை அணைக்க சுவிட்சில் கைவைத்தார்.

"ஒரு நிமிஷம் எரியட்டும், டாக்டர்" என்றேன்.