நத்தார்க் குடிலில் ஒரு சிரங்கை உப்பு

பண்டிகைச் சாமான் செய்து விற்கிறவருக்குப் பண்டிகை என்றாலே விற்குமா விற்காதா என்ற கவலைதான். சந்தையில் சாக்கு விரித்துக் குந்தியிருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் இருந்தோம். மார்கழியில் கடல் கொந்தளிக்கும். மீன்பிடிக்கிற என் வீட்டுக்காரர் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடுவார். அந்த நாட்களில் நான் பனையோலையில் நத்தார்க் குடில் பின்னி, களிமண்ணில் மாதா, சூசையப்பர், பாலயேசு செய்து, சனிக்கிழமைகளில் விசுவமடுக் கைப்பணிச் சந்தைக்குக் கொண்டுபோவேன். அந்த வருடம் பன்னிரண்டு குடில்கள். விற்றால் மகள் ஜெசிந்தாவுக்கு நத்தார்ப் பூசைக்குப் புதுச்சட்டை. விற்காவிட்டால் பழையதுதான், அதில் அவிழ்த்து நீட்ட மடிப்பும் மிச்சமில்லை.

ஆடுகள்

குடிலில் வைக்கிற ஆடுகளைச் செய்கிற வேலையை இவரிடம் கொடுத்தேன். மனிதர் பிறந்ததிலிருந்து மீனைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்த்ததில்லை. அவருடைய ஆடுகளுக்கு வால் அகலமாகவும் வாய் பிளந்தபடியும் இருந்தன. தூரத்தில் நின்று பார்த்தால் ஆடுதான் என்று சாதித்தார்.

முதல் சனிக்கிழமை மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர் ஒரு ஆட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்கப் போகிறார் என்று நான் பையை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது இது: "தங்கச்சி, இதைக் குழம்பு வைக்கிறதோ, பொரிக்கிறதோ?"

பாலன் எங்கே?

எங்கள் வழக்கப்படி நத்தார் பிறக்கும்வரை பாலனைக் குடிலில் வைப்பதில்லை. அதனால் பாலனைத் துணியில் சுற்றித் தனிப் பொட்டலமாக வைத்திருந்தேன். சந்தைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சைவசமயக்காரர், அழகுக்கு வாங்குகிறவர்கள் என்பதை நான் யோசிக்கவேயில்லை. வாத்தியார் ஒருவர் குடிலுக்குள் எட்டிப் பார்த்தார். "தாய் தகப்பன் இருக்கினம். குழந்தையைக் காணேல்லையே?"

"இன்னும் பிறக்கேல்லை சேர், இருபத்திநாலாம் திகதி இரவுதான்" என்றேன். பொட்டலத்தை எடுத்துக் காட்டுவதற்குள் அவர் குடையை விரித்துவிட்டார். "அப்ப அவசரமில்லைத்தானே. சுகமாப் பிறக்கட்டும், பிறகு வந்து பாக்கிறன்."

பஞ்சு

வெளிநாட்டு வாழ்த்து மட்டைகளில் குடிலுக்கு மேல் எப்போதும் வெள்ளைப் பனி கிடக்கும். அது இல்லாததுதான் குறை என்று நினைத்து, இரண்டாம் சனிக்கிழமை எல்லாக் கூரையிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு போனேன். தேயிலை மலையிலிருந்து வந்து விசுவமடுவில் தோட்டம் செய்கிற வள்ளியம்மா அதைப் பார்த்துவிட்டு, கொழுந்து மேல் விழும் பனியைத் தான் பார்த்திருப்பதாகவும், அது உப்புத் தூவின மாதிரி மினுங்கும் என்றும் சொன்னார். பிறகு பஞ்சைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, கூரைக்குக் காயமா? கட்டுப் போட்டு வச்சிருக்கீங்க?"

உப்பு

கரையில் இருக்கிற எங்களுக்கு உப்புக்கா குறை? பஞ்சைப் பிய்த்து எறிந்துவிட்டு, மாப்பசை பூசி, கூரைக்கு ஒரு சிரங்கையாக, கை குவித்து அள்ளி, உப்பைத் தூவினேன். அடுப்படியில் வைத்துக் காயவிட்டபோது பன்னிரண்டும் மினுங்கின. ஜெசிந்தா கைதட்டினாள்.

கடைசிச் சனிக்கிழமை விடாத மழை. மழைக்கு மேலே கட்டியிருந்த படங்குக்குக் கீழே ஒரு துளியும் விழவில்லை. ஆனால் ஈரக்காற்றைக் குடித்த உப்பு கசியத் தொடங்கியது. பத்து மணிக்கெல்லாம் பன்னிரண்டு கூரையும் சொட்டுச் சொட்டாக ஒழுகின. சூசையப்பரின் தாடி கரைந்து மாதாவின் மடியில் விழுந்தது. பக்கத்துப் பாய்க்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டை போயிற்று என்று, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு குடில்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.

வள்ளியம்மா முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்று, ஒரு குடிலைக் கையில் எடுத்தார். அது அவருடைய உள்ளங்கையில் ஒழுகியது. ஒழுகிய தண்ணீரைச் சேலையில் துடைத்துவிட்டு, கூட வந்த பெண்களைத் திரும்பிக் கூப்பிட்டார். "இங்க வாங்கடி. எங்க வீட்டுலயும் நாலு எடத்துல சட்டி வச்சிருக்கேன். ஒழுகுற வீட்டுல பொறந்த சாமின்னா அது நம்ம சாமிதான். எனக்கு ஒண்ணு குடுங்கம்மா."

மத்தியானத்துக்குள் பதினொன்று போய்விட்டன. பன்னிரண்டாவதை, பாலனைக் கண்ணால் பார்த்த பிறகு, குடைக்கார வாத்தியார் கொண்டுபோனார். ஜெசிந்தா நீலப் புதுச்சட்டையோடு பூசைக்குப் போனாள்.

அடுத்த வருடம் சூசையப்பரைச் சூளையில் சுட்டு, உப்பைத் தொடாமல், ஒரு துளியும் ஒழுகாத குடில்களாகச் செய்துகொண்டு போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.