பிரேமலா மோதிய கதவு

பிரேமலா வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் பரீட்சைக்குப் போனாள். ஒடுக்கமான பலகை ஒன்றின் மேல் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். "ரோட்டுல எங்க சார் பலகை இருக்கு?" என்று கேட்டாள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று முதல் சைக்கிள்தான்.

சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் மாசாய் ஊரில் எல்லோரும் மோட்டாரில் பறக்க, ஐம்பது தாண்டிய பிரேமலா மட்டும் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மிதிப்பாள். பாசிர் கூடாங் பக்கத்துத் தொழிற்சாலைக் கேண்டீனில் தோசை ஊற்றும் வேலை. சைக்கிளில் மணி கிடையாது. வாய் இருக்கும்போது மணி எதற்கு என்பது அவள் கட்சி. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மகள் லோஷினிக்கு அம்மாவின் சைக்கிள் பெரிய மானக்கேடு. புருஷன் மணியத்துக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லை. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் அபிப்பிராயமே அவருடையது.

அன்று விடிகாலையில் பூட்டிக் கிடந்த கடைவரிசையை ஒட்டி அவள் மிதித்துக்கொண்டு போனாள். ஓரமாக நின்ற புத்தம் புதிய வெள்ளைக் காரின் கதவு திடீரென்று திறந்தது. கதவும் பிரேமலாவும் சந்தித்துக்கொண்டார்கள். கீழே விழுந்தது பிரேமலாதான்.

காரிலிருந்து இறங்கியவர் லெட்சுமணன், அம்மன் கோயில் தலைவர். முதலில் கதவைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் அவளைப் பார்த்தார். "பாத்து வரக்கூடாதா தங்கச்சி?" என்றார். அவள் திருப்பிச் சொன்னதைப் பூட்டிய கடைகள் மட்டுமே கேட்டன. அச்சில் போட முடியாது.

சாயங்காலம் லெட்சுமணன் ஒரு மைலோ டின், ஆரஞ்சுப் பழம், ஒரு பெட்டி நூறு பிளஸ் பானம் சகிதம் வீட்டுக்கு வந்தார். அந்த வட்டாரத்தில் அடிபட்டவர் வீட்டுக்கு மைலோ போவது வழக்கம். டின்னைத் திறந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். மணியம் அவர் கண்ணெதிரிலேயே டின்னைத் திறந்து மூன்று கோப்பை கலக்கினார். நமக்குள்ள எதுக்கு ரிப்போர்ட் என்று லெட்சுமணன் சொன்னார். ஆமாம், எதுக்கு என்று மணியமும் சொன்னார். சுளுக்குத்தான் என்று நினைத்திருந்த பிரேமலா இடக்கையால் மைலோ குடித்தாள்.

மறுநாள் மணிக்கட்டு பூரியாக உப்பியது. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டோடு நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனாள்.

அங்கே சார்ஜன் சுப்ஹான் கணினியைப் பார்த்துவிட்டு, லெட்சுமணன் நேற்றே ரிப்போர்ட் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கார் நின்றது, கதவு ஏற்கெனவே திறந்திருந்தது, சைக்கிள் வேகமாக வந்து கதவில் மோதியது. நேரத்தைப் பார்த்தால் மைலோ வாங்கப் போகும் வழியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கதவைத் திறக்கிறவர்தான் பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துத் திறக்க வேண்டும், அது அவர் பொறுப்பு என்று சுப்ஹான் விளக்கினார். ஆனால் அவர் பார்க்காமல் திறந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஆள் இல்லை, கேமரா இல்லை. போதாக்குறைக்கு சைக்கிளில் மணியும் இல்லை. விசாரணை இப்படியே முடிந்தால் தப்பு அவள் பேரில்தான் விழும்.

கையைப் பற்றிப் பிரேமலாவுக்குக் கவலை இல்லை. வேலைக்குப் போகும் வழியில் பட்ட அடி, அதைத் தொழிலாளர் காப்பீடான சொக்சோ பார்த்துக்கொள்ளும். நின்ற காரில் போய் முட்டியவள் என்ற பேரை யார் பார்த்துக்கொள்வது? வீட்டில் அதற்குள் தீர்ப்பே வந்துவிட்டது. தப்பு அவளுடையது என்று போலீஸ் சொன்னால் சைக்கிள் பழைய இரும்புக்காரரிடம் போகும் என்றாள் லோஷினி. மணியம் தலையாட்டினார். பிரேமலா பேசினாள், அதற்கும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கொரோனாவில் கோயில் கதவு அடைத்த காலத்திலிருந்து அம்மன் கோயில் பூஜை ஃபேஸ்புக்கில் நேரடியாக வரும். பிரேமலா பக்தியோடு பார்ப்பாள், யார் என்ன புடவை என்று. அன்று கோயில் வாசலில் வெள்ளைக் கார் மாலை போட்டுக்கொண்டு பரிகார பூஜைக்கு நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். லெட்சுமணன் பட்டு வேட்டியில் மைக்கைப் பிடித்தார்.

அந்தக் கோயிலில் பரிகார பூஜை செய்தால் செய்த தப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பரிகாரம் பலிக்காது. ஊர்க்கதை தெரிந்துகொள்ளும் ஆசையில் தலைவரானதும் லெட்சுமணனே கொண்டுவந்த விதி அது. விதியை மீறினால் தோஷம் புதுக் காரில் ஒட்டிக்கொள்ளுமே என்று பயந்தார் மனிதர்.

"தாயே, அன்னிக்குக் கண்ணாடியப் பாக்காம கதவத் தொறந்துட்டேன். சைக்கிள்ல வந்த பொம்பளைக்குக் கை ஒடஞ்சிருச்சி. புதுக் காரு தாயே, எதுவும் ஒட்டாமப் பாத்துக்க."

முந்நூறு பேர் பார்த்தார்கள். நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பிரேமலா கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு லோஷினியைக் கூப்பிட்டு, இதை அழிக்கிறதுக்குள்ள உன் போன்ல எடுத்து வை என்றாள்.

திங்கட்கிழமை சுப்ஹானின் மேசைக்கு இந்தப் பக்கம் பிரேமலாவும் லெட்சுமணனும் ஒரு நாற்காலி இடைவெளியில் உட்கார்ந்தார்கள். காணொளி ஓடி முடிந்தது. லெட்சுமணன் தொண்டையைச் செருமினார்.

"அது அம்மன்கிட்ட சொன்னது சார். போலீஸ்கிட்ட சொன்னதில்ல."

"ரெண்டுல எது பொய்னு மட்டும் சொல்லுங்கண்ணே," என்றார் சுப்ஹான். "நான் உங்க கோயிலுக்கு வர்ற ஆளு இல்ல. எதுன்னாலும் எழுதிக்கிறேன்."

பிரேமலா குரலில் தேன் தடவினாள்.

"அம்மன்கிட்ட சொன்னதுதான் பொய்னு எழுதிக் குடுங்கண்ணே. நான் ஒண்ணும் சொல்லலை. கோயில் குரூப்புல மட்டும் போட்டுடறேன்."

போலீசிடம் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று வக்கீலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அம்மனிடம் மைக் வைத்துப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது அடுத்த கமிட்டித் தேர்தலில்தான் தெரியும். லெட்சுமணனுக்கு முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. போலீசிடம் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் என்றார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. மாற்றிக்கொண்டால் மட்டும் போதாது, முதல் ரிப்போர்ட்டுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று சுப்ஹான் மரியாதையாகவே எச்சரித்தார். கதவைத் திறந்ததற்கான அபராத சம்மன் அவர் பேரில் வரும் என்பதையும் சொன்னார்.

பிறகு மலாயில் தட்டிக்கொண்டே ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினார். "பின்னால் வந்த சைக்கிளைச் சரியாகப் பார்க்காமல் கதவைத் திறந்தேன்."

"'சரியாக' வேணாம் சார்," என்றாள் பிரேமலா. "அத எடுங்க. பாக்கவே இல்ல."

சுப்ஹான் லெட்சுமணனைப் பார்த்தார். லெட்சுமணன் தரையைப் பார்த்தார். விசைப்பலகையில் அழிக்கும் பொத்தான் டக் டக்கென்று சத்தம் போட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தைப் பிரேமலா அந்த வாரம் முழுக்கக் கேட்டதில்லை.