மகேஸ்வரி வாங்கிய ஹெட்போன்

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் எங்கள் கணக்கு மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு மாற்றலாகி வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் மாற்றலாகவில்லை.

“டீச்சர், மகள் கம்ப்யூட்டரிலை பாடம் கேக்கிறாள். ஒரு ஹெட்போன் வேணுமாம். எது நல்லது எண்டு ஆரிட்டைக் கேக்கிறது?”

என்னிடம் கேட்டிருக்கக் கூடாது... பிடித்துக்கொண்டேன். காதுக்குள் செருகுவது வேண்டாம் மாஸ்டர். காதை முழுக்க மூடுவதாக, பின்பக்கம் அடைத்ததாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் சத்தம் வெளியே போகாது, வெளிச் சத்தமும் உள்ளே வராது. கடையிலேயே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். வயரும் பிளக்கும் சேரும் இடத்தைப் பாருங்கள் – முதலில் உயிரை விடுவது அங்கேதான்...

மாஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்னிடம் சொந்தமாக ஒரு ஹெட்போன்கூடக் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் இந்த ஞானம் எங்கிருந்து வந்தது?

மகேஸ்வரியிடமிருந்து.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்த, எனக்குத் தெரிந்த பெண் மகேஸ்வரி. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. வெளியூரில் விடுதியில் தங்கி ஓ.எல்., அதாவது சாதாரண தரம், வரை படித்தாள். அப்பா இறந்ததும் படிப்பு நின்றது. அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். பல வருஷம் சும்மா இருந்த பிறகு திடீரென்று ஒரு நாள், “டீச்சர், நான் வெளியில இருந்து ஏ.எல். எழுதப் போறேன்” என்றாள். உயர்தரப் பரீட்சையை, பள்ளிக்கூடம் போகாமலே! பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவரைத் தருவார்கள். ஆனால் படிப்பது எப்படி? புத்தகத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டுமே?

நான் வாசித்தேன். வீட்டில் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பாடம் பாடமாக வாசித்து, கேசட் கேசட்டாகக் கொடுத்தனுப்பினேன். அவளிடம் ஒரு பழைய வாக்மன் இருந்தது.

பிரச்சினை காதில் தொடங்கியது.

வாக்மனோடு வந்த குட்டி இயர்போன் காதை அறுத்தது; சீக்கிரமே ஒரு பக்கம் செத்தும் போனது. அடுத்து, ஸ்பொஞ்ச் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கினாள். விலை மலிவு. ஆனால் அதைப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்; ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும், அதாவது அறைக்கும் அறைக்கும், நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் குழந்தை அழும், அந்தப் பக்கம் ரேடியோ பாடும், முன் அறையில் டிவி ஓடும். எல்லாம் ஸ்பொஞ்ச் வழியாக உள்ளே வந்துவிடும். வொல்யூமைக் கூட்டினால் என் குரல் வெளியே போய்விடும்!

டிவி பார்ப்பது அண்ணி புஷ்பம். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நாடகம் பார்ப்பாள். அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அது. நான் போயிருந்த ஒரு நாள் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். நாடகத்துல யாராச்சும் அழுதா, உள்ளருந்து நீங்க சோழ ராஜாவப் பத்திப் பேசுறீங்க. நீங்க எங்க வூட்டுலயே குடியிருக்குற மாதிரி இருக்கு.”

சிரிப்புதான் வந்தது. ஆனால் மகேஸ்வரி சிரிக்கவில்லை. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இடையே பேச்சு குறைந்துகொண்டே வந்தது. டிவியைக் குறைக்கச் சொல்ல இவளுக்குக் கூச்சம், வீடு அவர்களுடையது. படிப்பை நிறுத்தச் சொல்ல அவளுக்கும் மனசில்லை. இரண்டு பேர் மேலும் தப்பில்லாத சண்டைதான் மோசமான சண்டை, இல்லையா?

அதனால்தான் பதுளைக் கடைத்தெருவுக்குப் போனோம்.

கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் ஊர் வழக்கில் நானா, எனக்குத் தெரிந்தவர். முதலில் மினுமினுப்பான ஒன்றைத் தூக்கி வைத்தார். “இது எடுங்க டீச்சர். பேஸ் சும்மா அதிரும்!”

“அதிர வேணாம் நானா. எனக்குப் பாட்டு கேக்க இல்ல, பாடம் கேக்க” என்றாள் மகேஸ்வரி.

நானா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று பஞ்சுபோல இருந்தது; தலைப்பட்டையை லேசாக விரித்ததும் பிளாஸ்டிக் ‘கிறீச்’ என்றது. இன்னொன்று கொஞ்ச நேரத்திலேயே காது மடலை நசுக்கியது. நல்ல நல்ல பெட்டிகளும் இருந்தன. ஆனால் விலையைப் பார்த்து நானே அவற்றை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டேன்.

கடைசியில், மேல்தட்டிலிருந்து தூசி படிந்த கறுப்பு ஹெட்போன் ஒன்று இறங்கியது. தடித்த வயர். காதைச் சுற்றி மெத்தென்ற உறை. தலைப்பட்டைக்குள் இரும்புத் தகடு.

“பார்வைக்கு எடுப்பா இல்லன்னு ஒருத்தரும் கேக்கல்ல” என்றார் நானா.

“எனக்குப் பார்வை பிரச்சினை இல்ல நானா” என்றாள் மகேஸ்வரி.

நானாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே முதலில் சிரித்தாள். அவள் மாட்டிக்கொண்டதும் அவர் பக்கத்திலிருந்த ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அடித்த வெயிலில் இருந்து நிழலுக்கு வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே மனம் வரவில்லை அவளுக்கு.

விலையைக் குறைத்துக் கொடுத்தார் நானா. வீடு அமைதியானது. அண்ணிக்கு நாடகம், நாத்தனாருக்குச் சோழ ராஜா. எனக்கும் அந்த வீட்டில் குடியிருப்பு முடிந்தது!

பரீட்சை நெருங்கிய சமயம். மழைக்காலம். ஒரு பின்னேரம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு அசைந்தது. முதலில் கல் உருளும் சத்தம். யாரோ “மண்ணு சரியுது!” என்று கத்தினார்கள். எல்லாரும் அகப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். புஷ்பமும் குழந்தையோடு ஓடினாள். அண்ணன் வேலையிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை.

மகேஸ்வரியை ஒருவரும் கூப்பிடவில்லை. ஏன் தெரியுமா? லயத்தில் எந்தச் சத்தமும் முதலில் அவளுக்குத்தான் கேட்கும். வண்டி வருவதை, மழை வருவதை, ஆள் வருவதை அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்வாள். அவள் முன்னாலேயே வெளியே வந்திருப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

முற்றத்தில் நனைந்துகொண்டு திரும்பிப் பார்த்த புஷ்பத்துக்குத்தான் சட்டென்று உறைத்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

பின் காம்பராவில் மகேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தரை அதிர்ந்ததை இடி என்று நினைத்திருக்கிறாள். அவள் காதில் பேசிக்கொண்டிருந்தது நான்.

புஷ்பம் ஹெட்போனைப் பிடுங்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முற்றத்துக்கு அவர்கள் வந்து சேரவும், அடுப்படிக் குசினிச் சுவர் உள்ளே விழவும் சரியாக இருந்தது. பின் காம்பராவிலும் பாதிக்கு மண்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அந்த லயத்துக் குடும்பங்களைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் – பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டிடம் – தங்க வைத்தார்கள். மறுநாள் செய்தி கேட்டு நான் ஓடினேன்.

மகேஸ்வரி மூலையில் உட்கார்ந்திருந்தாள். பின் காம்பராவிலிருந்து மீட்ட ஹெட்போனும் வாக்மனும் கேசட்டுகளும் ஒரு பையில் கிடந்தன. உறையில் ஒட்டியிருந்த மண்ணைத் தவிர ஹெட்போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“இனிமே இத போட மாட்டேன் டீச்சர். கண்ணுதான் இல்ல. காதையும் நானே மூடிக்கிட்டேனே...” பையைத் தள்ளி வைத்தாள். “பரீட்சையும் வேணாம்.”

என்ன சொல்ல? ‘ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்’ என்றேன். அத்தனை குடும்பங்கள் இருந்த அந்த இரைச்சலில் ஒரு காதால் என்னத்தைக் கேட்பது? சொல்லும்போதே எனக்கே அது உதவாத யோசனையாகப் பட்டது.

புஷ்பம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

“மூடுனா என்னாடி? நான் செத்தா போயிட்டேன்? நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போற நேரம் கழட்டி வெச்சிடு. வேல முடிஞ்சு வந்ததும் மாட்டிக்க. ஒம் பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். என்னமாச்சும்னா முதுகுல ஒண்ணு வெக்கிறேன்.”

“நாடகம் பாக்க மாட்டீங்களா அண்ணி?”

“டிவி மண்ணுக்குள்ள கெடக்கு. எங்க பாக்குறது?”

மகேஸ்வரி முதலில் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இப்போது நினைவில்லை. ஆனால் அன்று பின்னேரமே புஷ்பம் சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்து, ஹெட்போனை அவளே மாட்டிவிட்டாள்.

அதன் பிறகு வேலை விட்டு வந்து, நாத்தனாரின் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்துதான் அரிசி புடைத்தாள், பிள்ளைக்குத் துணி தைத்தாள். திரும்பவும் லயத்துக்குப் போய், புது டிவி வந்த பிறகும் அப்படித்தான்.

யோசித்துப் பாருங்கள். காதை மூடிக்கொண்டு நிம்மதியாக உட்காருவதற்கு நல்ல ஹெட்போன் மட்டும் போதுமா? நமக்குப் பதிலாகக் கேட்டுக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டாமா?

மகேஸ்வரி பாஸ் பண்ணினாள். இன்று ஹாலிஎல பக்கம் ஒரு பாடசாலையில் அவளும் டீச்சர். ரிசல்ட் வந்த அன்று அண்ணன் வாசித்துச் சொன்னதும், கைத்தடியை எடுத்துக்கொண்டு அவளே மலைக்கு ஏறிப் போயிருக்கிறாள், புஷ்பத்திடம் சொல்ல.

“அண்ணி என்ன சொன்னாங்க?” என்று நான் கேட்டேன்.

“ஒண்ணுமே சொல்லல டீச்சர். கூடையோட அப்படியே நின்னுக்கிட்டு அழுதாங்க. மத்தவங்களுக்குத் தெரியாம, சத்தமே இல்லாம... எனக்குக் கேட்டுச்சு.”

நல்லவேளை... அந்த நேரம் அவள் காதில் நான் பேசிக்கொண்டிருக்கவில்லை!