ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

பிரசவ வார்டு நர்ஸுக்குப் பாதி வேலை கையால், மீதி வேலை வாயால். கோவில்பட்டிப் பக்கம் பதினோரு வருஷம் ஓட்டியாயிற்று, "எந்த மருந்தாவது ஒத்துக்காதாம்மா?" என்று கேட்ட அளவுக்கு என் பிள்ளைகளிடம் "சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். கேட்டுக் கேட்டே தொண்டை வற்றிப்போன சக ஜீவன்களுக்கு இது புரியும்.

வெறும் வயிறு

எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து சிசேரியனுக்கு வந்த ஒருத்தி, பென்சிலின் என்றதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பழைய சீட்டிலும் 'பென்சிலின் அலர்ஜி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் நிதானமாக வந்து, முன்னே அந்த மாத்திரை போட்டபோது உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவுமே இல்லை, வாந்தி மட்டும்தான். அது அலர்ஜி இல்லை என்று டாக்டரம்மா விளக்கியதும் அவள் சொன்னாள்: "பருத்தி எடுக்கப் போற அவசரத்துல வெறும் வயித்துல போட்டேன். மாத்திரை சோறு கேக்கும்னு எவரும் சொல்லலியே."

புகுந்த வீடு

இன்னொருத்தியின் புருஷன் தீப்பெட்டி ஆபீஸ்காரர். மனைவியை வாய் திறக்க விடாமல், பென்சிலின் எங்கள் குடும்பத்துக்கே ஆகாது என்று அடித்துச் சொன்னார். யாருக்கு என்ன ஆனது என்று கேட்டால், அவருடைய அப்பாவுக்கு முகம் வீங்கியதாம். உங்கள் அப்பாவுக்கு வீங்கினால் வேறு வீட்டில் பிறந்த இந்தப் பெண்ணுக்கு என்ன என்றேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "கட்டிக் கூட்டிட்டு வந்து மூணு வருஷமாச்சு சிஸ்டர். இப்ப அவளும் எங்க குடும்பம்தானே?"

மாமியார் உத்தரவு

மணியாச்சியிலிருந்து ஒரு பெண் ரெண்டாவது பிரசவத்துக்கு மாமியாரோடு வந்தாள். பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் வலி இல்லை. பிள்ளைக்குக் கிருமி ஏறாமலிருக்க பென்சிலின் வகை ஆன்டிபயாடிக் போடச் சொன்னார் டாக்டரம்மா. என் கேள்வியைக் கேட்டேன். ஒன்றும் கிடையாது என்று மாமியார் முந்திக்கொண்டார். துளி மருந்து போட்டுப் பார்க்கும் டெஸ்ட் ஊசியோடு போனால், அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண் மட்டும் மாமியார்மேல் இருந்தது.

மாமியாரை டீ வாங்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். போன வருஷம் புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போனபோது, கையில் வந்த கட்டிக்கு இதே வகை மாத்திரை போட்டிருக்கிறாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். சொன்னால் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், வாயைத் திறக்காதே என்பது மாமியார் உத்தரவு. டெஸ்ட் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். டாக்டரம்மா வேறு மருந்து எழுதினார். எங்கேயும் அனுப்பவில்லை, இங்கேயே பெண் குழந்தை பிறந்தது.

கோபத்தில் மாமியாரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். மறுநாள் பார்த்தால், அந்தம்மா ஒவ்வொரு கட்டிலாக நின்று எதையும் மறைக்காதே என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பலன், ஒருத்தி கத்தரிக்காய் ஆகாது என்றாள், ஒருத்தி பஸ்ஸில் ஜன்னலோர சீட் இல்லாவிட்டால் ஆகாது என்றாள், ஒருத்தி நாத்தனாரே ஆகாது என்றாள். நான் முறைத்ததற்கு அந்தம்மா அசரவில்லை: "நேத்து நான் மறைச்சதுக்குப் பரிகாரமா இவிய எல்லாரையும் சொல்லச் சொல்லியிருக்கேன். நீங்க பூராத்தையும் எழுதிக்கிடுங்க சிஸ்டர்."

மறைத்தால் போவது ஓர் உயிர், சொன்னால் போவது என் பேனா மை என்பதால், நாத்தனார் உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.