விலை ஏறட்டும்

என் கேமராவுக்கு வயது பதினொன்று. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கைப்பையின் சின்ன ஜிப்புக்குள் சீப்போடும் சில்லறையோடும் கிடக்கும். கடைசிக் காலத்தில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டால் லென்ஸ் வெளியே வர யோசிக்கும், பாதி வந்து நின்றுகொள்ளும், ஒரு தட்டுத் தட்டினால் மீதியும் வரும். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவளின் பையில் கிடக்கும் கேமரா வேறு எப்படி இருக்கும்? சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற தூசியில் என் மூக்குக் கண்ணாடியே சாயங்காலத்துக்குள் வெள்ளை பூத்துவிடும்.

"போன்லயே எடுக்கலாமேங்க" என்று கேட்காதவர்கள் ஆபீஸில் இல்லை. எடுக்கலாம்தான். ஆனால் போனைக் கையில் எடுத்த நேரம் பார்த்துத்தான் அந்த ஃபைல் எங்கே, இந்த ஃபைல் எங்கே என்று யாராவது கூப்பிடுவார்கள். கேமராவில் என்னை யாரும் கூப்பிட முடியாது. அது ஒரு பெரிய சௌகரியம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கும் இருந்தது.

அந்தக் காலத்தில் என் பக்கத்து மேஜையில் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். சேர்ந்த புதிதில் என்னை 'மேடம்' என்றாள், ஆறு மாதத்தில் 'அக்கா' என்றாள், அதற்கப்புறம் ஒருநாள் கோபத்தில் 'போடி' என்றாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் வாடி போடிதான். அவளுக்குக் கணவன், ஒரு பெண். எனக்கு யாருமில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்பவர்களுக்கு ஆளுக்கொன்றாகச் சொல்லி வைத்திருக்கிறேன், எதை யாரிடம் சொன்னேன் என்பதுதான் இப்போது மறந்து போகிறது.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது கேமராவோடு கிளம்பிவிடுவோம். ஒரு வாரம் குன்னம் பக்கம் போய், பருத்தி வெடித்த காட்டு ஓரத்தில் நிற்போம். இன்னொரு வாரம் திருமழபாடி, கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே கொள்ளிடக் கரை. அவளை நான் எடுப்பேன், என்னை அவள் எடுப்பாள். அப்புறம் வழியில் போகிறவர் யாரையாவது பிடித்து, "இங்க ஒரே ஒரு அமுக்கு அமுக்குங்கண்ணே" என்று கேமராவைக் கொடுத்துவிட்டு இருவரும் ஓடிப்போய் நிற்போம். அண்ணன்மார்களின் விரல் பாதிப் படத்தில் விழுந்திருக்கும். அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அவள் கணவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. இவளும் மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

"ரெண்டே வருசம்டி. திரும்ப இங்கயே வாங்கிட்டு வந்துருவேன்" என்றாள் பஸ் ஸ்டாண்டில்.

"வரலைன்னா?"

"வரலைன்னா செருப்பால அடி."

சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினாள். நானும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆறு, மணல், காக்கை, கரையில் காயும் வேட்டி என்று எல்லாவற்றையும் எடுத்தேன். ஒரு வருடம் கழித்து ஏதோ தேடும்போதுதான் கவனித்தேன், அந்த வருடம் முழுக்க எடுத்த எதிலும் நான் இல்லை. நான் அந்த வருடம் உயிரோடு இருந்தேன் என்பதற்கு ஆபீஸ் வருகைப் பதிவேட்டைத் தவிர ஒரு அத்தாட்சியும் இல்லை.

சரி, நம்மை நாமே எடுத்துக்கொள்வோம் என்று பார்த்தேன். போனைத் திருப்பிப் பிடித்தால் என் முகம்தான் தோசைக்கல் அகலத்துக்குத் தெரிந்தது, ஆற்றைக் காணோம். கேமராவைப் படித்துறைச் சுவரில் வைத்து, அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்து, பத்து விநாடிக்கு டைமர் போட்டுவிட்டு ஓடினேன். ஒன்றில் தலை இல்லை. ஒன்றில் புடவை மட்டும் இருந்தது. இன்னொன்றில் ஓடிக்கொண்டிருக்கும் என் முதுகு. துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களிடமே கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேராக இருந்தபோது யாரையும் கூப்பிட்டுக் கேட்க வெட்கப்படாதவள், ஒருத்தியாக நின்று கேட்க முடியாமல் திரும்பி வந்தேன்.

லென்ஸ் கோளாறைச் சாக்கு வைத்துத் திருச்சிக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுதான் இருப்பார். என் கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்லங்க மேடம்" என்றார். பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே அளவு. ஆனால் பின்பக்கத் திரையைத் தூக்கி மடக்கினால், அது படம் எடுக்கப்படுகிறவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

"எங்கயாச்சும் வச்சுட்டு முன்னாடி நின்னீங்கன்னா நீங்களே உங்களப் பாத்துக்கலாம். தனியாப் போறவங்களுக்குன்னே வந்தது மேடம் இது. யார் தயவும் வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் தனியாகப் போகிறவள் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா? விலையைக் கேட்டேன். சொன்னார். அதிகம்தான், ஆனால் என்னால் முடியாத விலை இல்லை. "கொஞ்சம் இறங்கட்டும், வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"இறங்காதுங்க மேடம். சின்னப் பசங்கல்லாம் இப்ப மறுபடி இதத்தான் தேடுறாங்க. சரக்கே வர மாட்டேங்குது" என்று பின்னாலிருந்து சொன்னார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. மாதம் ஒருமுறை கடைக்குப் போன் போடுவேன். "ஏறிடுச்சு மேடம்" என்பார். அடுத்த மாதம், "இன்னும் ஏறிடுச்சு மேடம், அன்னிக்கே எடுத்துருக்கலாம்" என்பார். ஆபீஸில் எல்லோரிடமும் இதைச் சொல்லிப் புலம்புவேன். அவர்களும் தங்கம் விலை, எண்ணெய் விலை எல்லாம் சொல்லி ஆறுதல் தருவார்கள்.

ஆனால் உண்மை வேறு. ஒவ்வொரு முறை ஏறிவிட்டது என்று கேட்கும்போதும் எனக்குள் அப்பாடா என்று இருந்தது. இந்த மாதம் தப்பித்தோம் என்று இருந்தது. எந்த ஊரிலாவது ஒரு பொருளின் விலை ஏறியதற்குச் சந்தோஷப்பட்டவள் உண்டா? நான் பட்டேன். தனியாகப் போகிறவர்களுக்கான கேமராவை வாங்கிவிட்டால், அவள் வரமாட்டாள் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். ரெண்டு வருசம் என்று சொல்லியிருக்கிறாள், இன்னும் கொஞ்ச நாள்தானே, வந்துவிட்டால் பழைய கேமராவே போதுமே. தட்டித் தட்டி ஓட்டிக்கொள்ளலாம். இப்படித்தான் என் கணக்கு ஓடியது. இரண்டு வருடம் முடிந்து நான்கு மாதம் ஆன பிறகும் அதே கணக்குதான் ஓடியது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் போன் செய்தாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன்.

"ஏய், ஒரு நல்ல சேதி. இங்கயே வூடு வாங்கிட்டோம்டி. பாப்பாவுக்கும் இங்கயே காலேஜ் கெடச்சிருச்சு. ஆவணில பால் காச்சுறோம், மொத நாளே வந்துரணும் நீ."

"ரொம்ப சந்தோசம்டி" என்றேன். சந்தோஷம்தான், பொய்யில்லை. வாடகை வீடுகளில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எத்தனை ரூம், கிழக்குப் பார்த்த வாசலா என்றெல்லாம் விசாரித்தேன். திரும்பி வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பேச்சு ஞாபகத்திலேயே இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. போனை வைத்த பிறகு டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை திருச்சிக்குப் போனேன். கடைக்காரர் பார்த்தவுடன், "இப்பவும் ஏறித்தான் மேடம் இருக்கு" என்றார், ஏதோ தானே ஏற்றிவிட்ட மாதிரி குற்ற உணர்ச்சியோடு. "பரவால்லங்க, காட்டுங்க" என்றேன்.

திரையைத் தூக்கி மடக்கி, கேமராவை மேஜைமேல் வைத்து, என்னை எதிரே நிற்கச் சொன்னார். நின்றேன். சின்னத் திரைக்குள் நான் தெரிந்தேன். தலை வெட்டுப்படவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் திரையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கொஞ்சம் நடுவுல வாங்க மேடம். ஏன் ஓரமாவே நிக்கிறீங்க? நீங்க ஒருத்தர்தானே?"

அப்போதுதான் பார்த்தேன். திரையின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். இடது பக்கம் முழுசாக ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. கால்கள் தாமாகவே போய் ஓரத்தில் நின்றிருக்கின்றன. கண் நிறைந்துவிட்டது. கடைக்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து புடவை மடிப்பைச் சரிசெய்வதுபோல் சரிசெய்தேன். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து நடுவில் போய் நின்றேன்.

"இதையே குடுங்க" என்றேன்.

மறுநாள் ஞாயிறு. அரியலூர் போய், அங்கிருந்து பஸ் மாறித் திருமழபாடிக்குப் போனேன். படித்துறைச் சுவரில் கேமராவை வைத்து, டைமர் போட்டு, திரையில் என்னைப் பார்த்துக்கொண்டே நின்று எடுத்தேன். பின்னால் ஆறு, அக்கரைத் தென்னைகள், நடுவில் நான். சிரிக்கக்கூடச் செய்திருந்தேன். படம் நன்றாக வந்திருந்தது, எனக்கே பிடித்திருந்தது. போனுக்கு மாற்றி அவளுக்கு அனுப்பினேன்.

வழக்கமாக என் செய்திக்குப் பதில் வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அன்றைக்கு ஒரு நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள்.

"யாருடி எடுத்தது? எவ்ளோ லட்சணமா வந்துருக்கு! சொல்லு, யாரு? புதுசா சிநேகிதம் புடிச்சிட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு!"

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று மனசார நம்பிவிட்டாள். ஒரு நொடி பொய் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

"யாருமில்லடி. நானேதான் எடுத்துக்கிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"புது வூட்டுல தண்ணி ஒழுங்கா வருமாடி?" என்று நான் கேட்டேன்.