இரண்டு வெள்ளி மோதிரங்கள்

சித்தி கோல்கீப்பராக இருந்த காலத்தில் எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. நகை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினால் ரெஃப்ரி விடமாட்டார் என்பதால், சித்தி தன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தருவாள். அதே அணியில் ஆடிய அவள் தோழி, மராட்டி அக்கா, அதே மாதிரி இன்னொன்றைத் தருவாள். எட்டு வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

"பத்திரம்ட்டி. தொலைச்சே, உன்னய கோல்போஸ்ட்ல கட்டி வச்சிருவேன்" என்பாள் சித்தி.

அன்று ஃபைனல். கடைசி பெனால்டியைச் சித்தி பாய்ந்து பிடித்தாள். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர் அவள் போன் நம்பரை எழுதிக்கொண்டார். அந்தக் கூத்தில் மோதிரங்களை எல்லோருமே மறந்துவிட்டோம். நான் இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன்.

தாராவி வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா அதைப் பார்த்துவிட்டார். உள்பக்கம் இந்தி எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. அவருக்கும் அம்மாவுக்கும் இந்தி பேசத்தான் வரும், வாசிக்கத் தெரியாது. "நீதான் பள்ளிக்கூடத்துல படிக்கேல்லா, வாசி" என்றார். நான் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன். சித்தியின் மோதிரத்தில் அக்கா பெயர். அக்காவின் மோதிரத்தில் சித்தி பெயர். எது யாருடையது என்பதையும் நானே பெருமையாகச் சொன்னேன்.

கையுறையைக் கழுவிக்கொண்டிருந்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"இது வெறும் சிநேகிதந்தானட்டி?" என்று அம்மா கெஞ்சுவதுபோலக் கேட்டாள்.

"இல்லக்கா" என்றாள் சித்தி.

மாமா அடித்தார். எவ்வளவு வேகமாக வரும் பந்தையும் தடுக்கிறவள் அன்று கையைத் தூக்கவே இல்லை.

மறுமாதமே திருநெல்வேலியில் சித்திக்குக் கல்யாணம் வைத்துவிட்டார்கள். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாநில அணியிலிருந்து போன் வந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி மாமா வைத்துவிட்டார். தெருமுனையில் நின்ற அக்காவையும் அவரே விரட்டினார். சித்தி அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை.

கல்யாணத்தன்று பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தவளிடம் போய், மோதிரங்களை மாமா பிடுங்கிக்கொண்டதைச் சொல்லி அழுதேன். "தொலைச்சிட்டேன் சித்தி."

"நீ தொலைக்கலட்டி" என்று என் தலையைத் தடவினாள்.

சித்திக்கு என்மேல் கோபமில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்து, இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.