வலத்தோட்டு கறங்கிய இறகு

பாறசாலை விஜயதாஸைப் போல சகுனம், ஐஸ்வரியம் என்று பார்க்கிற இன்ஜினியர் இன்னொருவனை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். கல்லூரிப் பரீட்சை ஹாலுக்குள் வலதுகாலை வைத்துத்தான் நுழைவான். உட்கார்ந்ததும் என் பேப்பரைப் பார்த்து எழுதுவான்.

தொண்ணூற்றேழில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். காற்றாலை இறகு சுழலும்போது அதைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட வேண்டும். சுற்றியுள்ள காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கொடுத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் என்ன, அழுத்தம் என்ன என்று அது சொல்லும். கட்டம் முழுக்க வெட்டியது நான். விஜயதாஸ் துரை நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் வேலைவெட்டியில்லாமல் சுற்றிக் கறங்கிக்கொண்டிருந்தார். கணக்கைக் காட்டினால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு வழி உண்டு. அப்பா இல்லாத வீடு. அந்த வேலை எனக்கு வேண்டும்.

கணக்கை ஓட்டுகிற அன்று வந்து கீபோர்டைப் பிடுங்கினான். எங்கள் இறகு இடப்பக்கம் சுழல்வதற்கென்று வடித்தது. இவன் கோயில் சுற்றுவதுபோல வலப்பக்கம் என்று அடித்தான்.

“அம்பலத்துல ஆராவது இடத்தோட்டு கறங்குவாவளா? ஐஸ்வரியம் போயிரும், லேகா மக்கா.”

“இது அம்பலம் இல்ல, காத்தாடியாக்கும்! ஒனக்க மண்டையில என்னதான் உண்டு?”

கேட்கவில்லை. மின்சாரம் வரவேண்டிய இடத்தில் மைனஸ் வந்தது. அந்த இறகு கரண்டு தராது. அதைச் சுற்றவே நாம்தான் கரண்டு கொடுக்க வேண்டும். திரும்ப ஓட்ட நாளும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆரல்வாய்மொழிக்குப் போகும் ரயிலில் அவன் எடுத்து வந்த கலர் பிரிண்டைப் பார்த்தேன். மைனஸைக் காணோம்.

“மைனஸ் எங்கலே?”

“அது அசுபமாக்கும். அழிச்சிட்டேன்.”

கம்பெனிப் பெரியவர் படத்தைப் புரட்டினார். “இது கரண்டு தருமா?”

“நிறைய தரும் சார்,” என்றான், கொஞ்சமும் கூசாமல்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “தராது சார், தின்னும். இறகைத் தலைகீழாச் சுத்தவிட்டு மைனஸையும் அழிச்சிருக்கான்,” என்றேன். பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனை வெகுநேரம் பார்த்தார்.

ஒருவரைத்தான் எடுத்தார்கள். அவனை. விற்பனைப் பிரிவுக்கு.

லட்டு டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் வலதுகாலை வைத்தான். “நான் அப்பளே சொன்னேம்லா லேகா, வலத்தோட்டு கறங்கினா ஐஸ்வரியம் உண்டுன்னு?”

லட்டை டப்பாவோடு அவன் மூஞ்சியில் எறிந்தேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதி ஊதித் தின்றுகொண்டே போனான், மானங்கெட்டவன்.